குதிகால் பலகை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் காற்று வருகிறது, அங்கே வேண்டாம். இந்தக் கம்பளத்தின் மேல் வந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கோபக்காரியின் கதை சொல்லப்போகிறேன். கதை நெடுகக் கோபம்தான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். நீங்களும் எழுந்திருக்கக் கூடாது, சரியா?

எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் ஜிபார் என்று ஒரு பெண். போட்டிகளில் பாரம் தூக்குகிறவள். சின்ன வயதிலேயே நனைந்த கம்பளிமூட்டையை ஒற்றைத் தோளில் வண்டியேற்றுவாள். அவளைப் பாரம் தூக்கும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப்போய்க் கம்பியைக் கையில் கொடுத்தவர் தூர்துபெக். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஆசான் என்பதால் எல்லோரும் அவரை அகாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கோடையின் கடைசியில் பிஷ்கெக் நகரத்துப் போட்டிக்கு ஜிபாரை அகாய் கூட்டிப்போனார். கம்பியின் இரு முனையிலும் இரும்புத் தட்டுகள், மொத்தம் நூறு கிலோ. அதைத் தரையிலிருந்து இழுத்து, அதற்கடியில் நுழைந்து, தோளில் வாங்கிக்கொண்டே முழுக்கக் குந்தி, அப்புறம் எழுந்து தலைக்கு மேலே தூக்கி நிறுத்த வேண்டும். இழுத்தாள், நுழைந்தாள், வாங்கினாள். குந்துகிற அந்த நொடியில் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மார்பு கவிழ்ந்தது. கம்பி முன்பக்கமாகப் போய் மேடையில் விழுந்து துள்ளியது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் இதே கதை.

எங்கள் கூடத்தில் அவள் இதைவிடக் கனமான பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழுகிறவள். அப்படியிருக்க இங்கே என்ன கேடு வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

திரும்பும் வழியில் கணவாய் உச்சியில் பேருந்து நின்றது. அகாய் தன் இருக்கையை விட்டு எழுந்தார்.

"கால்ல பலம் இருக்கு. முதுகுல பலம் இருக்கு. நெஞ்சுலதான் ஒண்ணுமில்ல! கோழைக்குப் போய்க் கத்துக் குடுத்திருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்தினார்கள்.

"வசந்தத்துல இன்னொரு போட்டி இருக்கு. அதுக்கு உன் பேரைக் குடுக்கணுமான்னு யோசிக்கிறேன். குடுத்து, அதுலயும் விழுந்தேன்னு வையி, கூடத்துக் கதவுல கை வைக்காத. புரியுதா?"

ஜிபார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஊர் வரும்வரை கடித்தபடியே இருந்தாள். கோழை. பேருந்து குலுங்கும்போதெல்லாம் அந்தச் சொல்லும் அவளுக்குள் குலுங்கியது.

பீன்ஸ் அறுப்பு வந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் யாரும் சும்மா இருக்க முடியாது. ஜிபாரும் தன் அக்கா உம்சுனாயின் காட்டுக்குப் போனாள். காய்ந்த செடிகளைப் பிடுங்கிக் கட்டும் வேலை. பெண்கள் எல்லோரும் வந்ததும் முதலில் கால் மாற்றிக் கால் சாய்ந்து, குந்தினபடியே இப்படியும் அப்படியும் ஆடி, அப்புறம்தான் வேலையில் இறங்கினார்கள். பாதம் முழுக்க மண்ணில் படிய, ஏதோ மணை போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். ஜிபாரும் மலையைப் பார்த்துக் குந்தினாள். அடுத்த கணம் வாய்க்காலுக்குள் மல்லாக்க விழுந்தாள்.

"ஐயோ, நூறு கிலோ விழுந்துருச்சு!" என்றாள் பக்கத்துக் காட்டுக்காரி ஒருத்தி.

"ஏண்டி ஜிபார், உன்னைத் தூக்க டிராக்டர் வரச் சொல்லட்டுமா?"

"வாயை மூடுங்கடி!" என்று எழுந்து மறுபடி குந்தினாள். மறுபடி வாய்க்கால். முதுகெல்லாம் சேறு. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உம்சுனாய்க்குத் தங்கை மேல் இரக்கம்தான், ஆனாலும் அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜிபாருக்குக் கண் சிவந்தது. மலைக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்துத் திரும்பிக் குந்தினாள். உட்கார்ந்துவிட்டாள்! குதிகால் அசையவில்லை, முதுகு நேராக நின்றது.

"பாத்தீங்களாடி? உக்காந்துட்டேன்!"

"அந்தப் பக்கம் சரிவுடி," என்றாள் உம்சுனாய். "குதிகால் மேட்டுல இருக்கு, கால்விரல் பள்ளத்துல. அப்படின்னா யாருக்கும் உக்கார வரும். சமத்தரையில உக்காரு பாப்போம்."

ஜிபார் குந்தினபடியே உறைந்துபோனாள். குதிகால் மேட்டில். இதை அவள் கால் எங்கேயோ அறியும். தினமும் அறியும்.

கூடத்தில் ஒரு பலகை இருந்தது, கண்ணுகளா. நீளமாக, கட்டைவிரல் உயரத்துக்குக் கனமான பலகை. யார் பாரத்தோடு குந்தினாலும் குதிகாலை அதன் மேல் ஏற்றி வைத்துத்தான் குந்த வேண்டும். அதுதான் அன்றைக்கு எங்கள் கூடத்துச் சட்டம். பழைய கூடத்திலிருந்து இந்தக் கூடத்துக்கு மாறிய அன்று எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளே வந்தது அந்தப் பலகைதான். ஆர்ச்சா மரக் கிளையைக் கொளுத்தி அதற்குப் புகை காட்டினார்கள், ஆட்டுக் கொழுப்புத் தடவினார்கள். அப்புறம் வருஷாவருஷம் நோரூஸ் புத்தாண்டு அன்றைக்கும் தடவினார்கள். ராசியான பலகை. இளமையில் அதில் நின்று குந்தியவர்கள் ஜெயித்து வாங்கிய பதக்கங்களோடு எடுத்த படங்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும்.

சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் ஜிபார் வெறுங்காலோடு குந்திப் பார்த்தாள். மாவுமூட்டை மேல் போய் விழுந்தாள். ரொட்டி தேய்க்கும் பலகையை எடுத்துக் குதிகாலுக்கடியில் போட்டாள். ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

"அதுலதான்டி நாங்க ரொட்டி தேய்க்கிறோம்!" என்று கத்தினாள் உம்சுனாய்.

"அக்கா, இங்க வா. பாதத்தைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையி. குதிகாலைத் தூக்காம முட்டியால சுவரைத் தொடு."

உம்சுனாய் கையில் கரண்டியோடு வந்து தொட்டுவிட்டுப் போனாள். குழம்பு ஒரு சொட்டு சிந்தவில்லை. ஜிபாருக்கு முட்டி பாதி வழியிலேயே நின்றது. கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி. இத்தனை வருஷமாகக் கணுக்கால் மடங்கவேண்டிய அளவைக் கூடத்துப் பலகைதான் ஈடுகட்டிக் கொடுத்திருக்கிறது. உள்ளூர்ப் போட்டியில் பாரம் குறைவு, அரைக் குந்தில் வாங்கியே சமாளித்துவிடலாம். பிஷ்கெக் மேடையில் முழுக்கக் குந்த வேண்டும். அங்கே பலகை ஏது?

பயம் இல்லை. கணுக்கால்! அதற்கா ஒரு பேருந்து முழுக்கக் கேட்கும்படி கோழை என்றார்?

மறுநாள் கூடத்துக்குப் போய், மூச்சை அடக்கிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அகாய், இனிமே பலகை இல்லாம குந்திப் பழகுறேன். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கணுக்காலையும் இடுப்பையும் தளர்த்திச் சூடாக்கிக்கணும்."

"என்னது? என்ன சொன்ன?"

"பலகை..."

"அந்தச் சுவத்தைப் பாருடி! அத்தனை பேரும் இதுல நின்னவங்க. அவங்க யாரும் உக்காந்து காலைத் தடவிக்கிட்டு இருக்கல. வந்தாங்க, கோட்டைக்கூடக் கழட்டாம கம்பியைப் பிடிச்சாங்க. பாரத்தை ஏத்தினா உடம்பு தானா சூடாகும்! விழுந்தவளுக்கு இப்பப் பலகை மேல பழியா?"

"பழி இல்ல அகாய், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என் சொந்த மகளையே கோழைன்னு சொல்லி வெளிய அனுப்பினவன் நான். உனக்கென்ன தனிச் சட்டம்?"

அவர் மகள் கனிஷாய். ஒரு காலத்தில் அவளும் தூக்கினவள்தான், பிஷ்கெக் மேடையில் விழுந்தவள்தான். இப்போது சந்தையில் கறியும் பூசணியும் அடைத்த சம்சா சுட்டு விற்கிறாள். அப்பாவும் மகளும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். ஏன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஜிபார் கேட்பதென்று முடிவு செய்தாள்.

கனிஷாய் தந்தூர் அடுப்புக்குள் தோள்வரை கையை விட்டு, சம்சாவைச் சுவரில் அறைந்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எஜே," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள் ஜிபார். "பிஷ்கெக்ல நீங்க எப்படி விழுந்தீங்க?"

கனிஷாய் நிமிர்ந்தாள். முகத்தில் அடுப்பைவிட அதிகச் சூடு.

"உனக்குக் கறி சம்சாவா, பூசணி சம்சாவா? அதைக் கேளு. மத்ததெல்லாம் விக்கிறதில்ல."

"நான் முன்னாடி விழுந்தேன். குதிகால் எழும்பிருச்சு. மூணு தடவையும்."

கனிஷாயின் கை அப்படியே நின்றது. அடுப்பிலிருந்து ஒரு சம்சா நழுவிக் கரியில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"உன்னையும் கோழைன்னாரா?"

"பேருந்துல. எல்லார் முன்னாடியும்."

"கணவாய்லயா?"

"ஆமா."

"மாறவே இல்ல அந்தாளு!" கையிலிருந்த மாவை மேசை மேல் அடித்தாள். "எனக்கும் குதிகால்தான் எழும்பிச்சு. சொன்னேன். பயத்துல காலு நடுங்கியிருக்கும்னாரு. எனக்குப் பின்னாடி போன பசங்களும் இப்படித்தான் விழுந்தாங்க. எல்லாரும் கோழை. பழைய கூடத்து ஆளுங்க மட்டும் வீரனுங்க."

"பழைய கூடத்துலயும் இதே பலகைதானே எஜே?"

"இதேதான். அந்தக் கூடம் முன்னாடி வெண்ணெய் ஆலை. ஆலையை மூடினதும் கூடமாக்கினாங்க. ஒரே நாத்தம். சாக்கடைக்கு முதுகைக் காட்டி நின்னுதான் தூக்குவாங்க. தட்டு கையை விட்டு விழுந்தா உருண்டு உருண்டு நேரா சாக்கடையில போய் விழும். சின்ன வயசுல நான்தான் ஓடிப்போய் எடுத்துட்டு வர..."

அவள் வாய் திறந்தபடியே நின்றது. ஜிபாரும் அவளையே பார்த்தாள்.

ஆலைத் தரை. கழுவின தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்ட தரை. சாக்கடைக்கு முதுகைக் காட்டி நின்றால் குதிகால் பள்ளத்தில் இருக்கும். அந்தப் பள்ளத்தைச் சமமாக்கத்தான் யாரோ ஒரு பலகையைப் போட்டிருக்கிறார்கள்! பழைய கூடத்து வீரர்கள் குந்தியது சமத்தரையில். ஆலை இடிந்து, கூடம் சமத்தரையுள்ள புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, தேவை தீர்ந்த பலகைக்குக் கொழுப்புத் தடவிக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இங்கே எல்லோரும் தினமும் குந்தியது சரிவில்.

"இத்தனை வருஷம்," என்றாள் கனிஷாய் மெதுவாக. அப்புறம் அவள் திட்டிய திட்டை நான் உங்கள் முன்னால் சொல்ல மாட்டேன்.

"வாங்க, போய்ச் சொல்லலாம்," என்றாள் ஜிபார்.

"சொன்னா கேக்கிற ஆளா அது? நீ தூக்கிக் காட்டு. அப்பப் பாத்துக்கலாம்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஜிபார் தன் கணுக்காலோடு சண்டை போட்டாள். கூடம் திறந்ததும் முதல் ஆளாக வந்து சுவரோரம் நிற்பாள். ஒரு பாதத்தை வைத்து முட்டியைச் சுவரை நோக்கித் தள்ளுவாள். குதிகால் இம்மி எழும்பினாலும் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு அடிமட்டம் வரை குந்தி, முழங்கைகளால் முட்டிகளை அகட்டி, பீன்ஸ் காட்டுப் பெண்கள் மாதிரி இப்படியும் அப்படியும் சாய்ந்தாடுவாள். இடுப்பு இளகி முதுகு நிமிர்ந்த பிறகுதான் கம்பி. அதுவும் வெறுங்கம்பி. கீழே போய், அங்கேயே ஒரு முழு மூச்சு இருந்து, எழுவாள்.

"என்னடி, முட்டையா இடுற?" என்பார் அகாய். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பலகையில் ஏற மாட்டேன் என்றதால் கதவோரத்து மூலையைக் கொடுத்தார். கதவிடுக்கில் பனிக்காற்று. மற்றவர்கள் கனமான சிவப்புத் தட்டுகளை ஏற்றிக் குந்த, அவள் மட்டும் பிள்ளைகளுக்கான சின்னத் தட்டுகளோடு. சமத்தரையில் அவ்வளவுதான் வந்தது அவளுக்கு. அவசரப்பட்டு ஒருநாள் பாரத்தைக் கூட்டினாள். குதிகால் எழும்பியது. கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தன் காலையே ஓங்கி அடித்துக்கொண்டாள். கோபத்துக்குக் கால் மடங்காது, கண்ணுகளா. அதற்குத் தெரிந்ததெல்லாம் தினமும், மெதுவாக, இன்னும் கொஞ்சம் என்பதுதான். கோபம் செய்த ஒரே உபகாரம், ஒருநாள் விடாமல் அவளை அந்தக் கதவுமூலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

ஒருநாள் காலை முட்டி சுவரில் தட்டியது. குதிகால் தரையில். ஜிபார் திரும்பிப் பார்த்தாள். அகாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போட்டிக்குப் பேர் கொடுக்கும் நாள் வந்தது. வெளியே பனி இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அகாய் நடுவில் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"வா இங்க. கூத்தெல்லாம் போதும். எல்லாரையும் மாதிரி பலகையில ஏறிக் குந்திக் காட்டு. அப்பத்தான் பேர் குடுப்பேன்."

ஜிபார் நடுவுக்கு வந்தாள். குனிந்து பலகையை இரண்டு கையாலும் எடுத்தாள். கொழுப்பில் வழுக்கியது. கதவை உதைத்துத் திறந்து, வெளியே பனிச்சேற்றில் வீசினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் கதவுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்கள். ராசியான பலகை, புகை காட்டிய பலகை!

"வெளிய போடி!" என்று இடி மாதிரி கத்தினார் அகாய். "இந்த நிமிஷமே வெளிய போ!"

"போறேன். நூறைத் தூக்கிட்டுப் போறேன்."

காலையிலிருந்தே சூடாக்கி வைத்திருந்த உடம்பு. தட்டுகளைத் தானே ஏற்றினாள். அவர் கத்திக்கொண்டே இருந்தார், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. பிடித்தாள், இழுத்தாள், அடியில் நுழைந்தாள். தோளில் கம்பி, இடுப்பு கணுக்காலைத் தொடுகிற ஆழத்தில். அங்கே இருந்தாள். வேண்டுமென்றே, ஒரு மூச்சு நேரம் அங்கேயே இருந்தாள். குதிகால் இரண்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி. எழுந்தாள். தலைக்கு மேலே தூக்கி நிறுத்தி, அவரைப் பார்த்துக்கொண்டே கீழே போட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அகாய் வெளியே போய்ப் பலகையைச் சேற்றிலிருந்து எடுத்து, சட்டைக்கையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"என் கணுக்கால் சொல்லிச்சு. ஒண்ணு கேக்கிறேன் அகாய். வெண்ணெய் ஆலையில தட்டு விழுந்தா எங்க உருண்டு போகும்?"

"சாக்கடைக்கு. அதுக்கென்ன இப்ப?"

"இங்க உருட்டுங்க."

அவர் முறைத்தார். அப்புறம், ஏனோ, ஒரு சின்னத் தட்டை எடுத்துத் தரையில் விளிம்பில் நிறுத்திக் கையை எடுத்தார். அது நின்றது. எந்தப் பக்கமும் உருளாமல் நின்று, கொஞ்ச நேரம் கழித்து இருந்த இடத்திலேயே சாய்ந்து படுத்தது.

தூர்துபெக் அந்தத் தட்டைப் பார்த்தார். கையிலிருந்த பலகையைப் பார்த்தார். சுவரில் இருந்த பழைய படங்களைப் பார்த்தார். அந்த வரிசையில் வெண்ணெய் ஆலைக்குப் பிறகு ஒரு படமும் இல்லை. அது ஏன் என்பதற்கு இத்தனை வருஷம் அவர் கோழை என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் வைத்திருந்தார்.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் கத்தத்தான் செய்தார்.

"சொன்னேன். நீங்க கத்தினீங்க. உங்க மகளும் சொன்னா. அப்பவும் கத்தினீங்க."

"கனிஷாய்... அவளுக்கும்..."

"குதிகால்தான். போய் அவகிட்டயே கேளுங்க!"

பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல், அவர் வெளியே நடந்தார். ஜிபார் திட்டிக்கொண்டே அவர் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். இந்த மனுஷனுக்குக் குளிர் பிடித்தால் எனக்கென்ன என்று தன்னையும் சேர்த்துத் திட்டினாள்.

சந்தையில் கனிஷாய் அப்பா வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"கனிஷாய்," என்றார். "தரை... ஆலைத் தரை சரிவு. எனக்குத் தோணவே இல்ல."

"அது தரையைப் பத்தி. என்னைப் பத்திச் சொல்லுங்க."

சம்சா வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் நகரவில்லை.

"நீ கோழை இல்ல."

கனிஷாய் அவர் கக்கத்திலிருந்து பலகையை உருவினாள். முட்டியில் வைத்து உடைக்கப் பார்த்தாள், உடையவில்லை. அப்படியே தந்தூருக்குள் செருகினாள். வருஷவருஷமாகத் தடவின கொழுப்பு குப்பென்று பிடித்து, நெருப்பு அடுப்பு வாய்க்கு மேலே எழும்பியது. உள்ளே இருந்த சம்சா எல்லாம் கரிந்தது.

"நாளைக்கும் வாங்க," என்றாள், நெருப்பைப் பார்த்துக்கொண்டே. "வந்து இதையே சொல்லுங்க. எனக்கு இன்னும் கோபம் தீரல."

அவர் தலையாட்டினார். ஜிபார் கோட்டை அவர் தோளில் போட்டாள். போட்டாள் என்ன, அறைந்தாள். மறுநாளும் அவர் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கனிஷாயின் கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்குச் சம்சா எடுத்துவைக்க ஆரம்பித்தது மட்டும் தெரியும்.

போட்டிக்கு அகாய் அவள் பேரைக் கொடுத்தார். வசந்தத்தில் பிஷ்கெக் மேடையில் ஜிபார் நூறையும் தூக்கினாள், அதற்கு மேலேயும் தூக்கினாள். தட்டையான மேடை, பதிந்த குதிகால். மேடை ஏறுவதற்கு முன்னால் அகாயே போய்ப் பின்னறைச் சுவரோரம் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார், முட்டியைத் தள்ளிச் சூடாக்கிக்கொள்ள.

திரும்பும்போது கணவாய் உச்சியில் பேருந்து நின்றது. அகாய் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"போன தடவை இதே இடத்துல இந்தப் பொண்ணை நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பு," என்று முணுமுணுத்தார்.

ஜிபார் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"சத்தமா சொல்லுங்க அகாய். போன தடவை கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுச்சு."

சொன்னார். கணவாய் எதிரொலிக்கச் சொன்னார். அப்புறம்தான் ஜிபார் பல்லைக் கடிப்பதை விட்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் சூரியகாந்தி விதை ஒரு பிடி வாங்கிக் கொறித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, இனி எழுந்திருக்கலாம். மெதுவாக, காலைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டுத் தரை சமமாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் குந்தினவர் யாரும் துணை தேடாமல் எழட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் வந்தால், அது மனம் விட்டுப் பேசித் தீரும்வரை அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும்.